ஆண் தவளையின் முதல் விரல்

கோடையில் வற்றிய ஏரிக்கரையில், ஈரம் மிச்சமிருக்கும் கல்லுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் தவளையைக் கையில் எடுத்து அது ஆணா பெண்ணா என்று சொல்வது, தவளைகளோடு நெடுங்காலம் பழகியவர்களுக்கும் கடினம். முதல் பெருமழை பெய்த மறுநாள் அதே தவளையைப் பார்த்தால் ஐயத்துக்கு இடமே இராது. நம் வயல்களில் வாழும் பெரிய தவளை, அறிவியல் பெயரில் ஹோப்லோபட்ராக்கஸ் டைகெரினஸ், ஆண்டில் பெரும்பகுதி பச்சையும் பழுப்புமாகச் சேற்றோடு கலந்த நிறத்தில் இருக்கும். மழை தொடங்கியதும் ஆணின் தோல் எலுமிச்சை மஞ்சளாகிறது. தாடையின் இருபுறமும் உப்பும் குரல்பைகள் நீலமாகின்றன. பெண்ணின் நிறம் மாறுவதில்லை. கூடி முட்டையிடும் நாட்கள் முடிந்தபின் ஆணின் மஞ்சளும் வடிந்துவிடுகிறது. இரண்டையும் நிறத்தால் பிரித்தறிய முடியாத நிலை திரும்புகிறது.

பாலூட்டிகளையும் பறவைகளையும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆண்-பெண் வேறுபாடு என்பது பருவம் வந்தபின் உடலில் நிலைத்துவிடும் அடையாளம். தவளைகளிடம் அது பெரும்பாலும் மழையோடு வந்து மழையோடு போகிறது. எந்த உறுப்பில், எந்த வடிவில் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது, அந்த இனம் எங்கே முட்டையிடுகிறது, முட்டை எப்படிக் கருவுறுகிறது என்ற இரண்டு கேள்விகள்தாம் என்பது என் கருத்து. உலகில் 7,000-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. அவற்றின் ஆண் உடல்களில் காணும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

பள்ளிப் பாடநூல்கள் இரண்டே அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தன. ஆணுக்குக் குரல்பை உண்டு. முன்னங்காலின் முதல் விரலில் கலவித் திண்டு உண்டு. பெண்ணுக்கு இரண்டும் இல்லை. தேர்வுக்கு அது போதும். அந்தத் திண்டு ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் தவளையின் கதை தொடங்குகிறது.

தவளைகளில் மிகப் பெரும்பான்மைக்கு உடலுக்கு வெளியேதான் கருவுறுதல் நிகழ்கிறது. பெண் முட்டைகளை வெளியேற்றும் அந்த நேரத்தில், மிக அருகிலிருந்து ஆண் விந்தைச் சொரிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய ஆய்வாளர் லாசரோ ஸ்பல்லன்சானி இதை நிறுவ ஆண் தவளைகளுக்கு மெல்லிய துணியில் கால்சட்டை தைத்து அணிவித்தார். கால்சட்டை அணிந்த ஆண்கள் தழுவிய பெண்களின் முட்டைகள் வளரவில்லை. துணியில் தங்கிய நீர்மத்தை முட்டைகளில் தடவியபோது அவை வளர்ந்தன. பெண்ணின் முதுகில் ஏறி ஆண் இறுகப் பற்றிக்கொள்வது எத்தனை முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். பிடி நழுவினால் ஒரு பருவமே வீண். வழுக்கும் தோல், ஓடும் நீர், இடித்துத் தள்ள முயலும் வேறு ஆண்கள் என்று எல்லாமே அந்தப் பிடிக்கு எதிரிகள். தழுவல் சில மணி நேரத்தில் முடியலாம். பல நாட்களும் நீளலாம்.

இந்தப் பிடிக்காக உருவானதுதான் கலவித் திண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதல் விரலின் உட்புறத் தோல் தடித்துக் கருமையாகிறது. அதன் மேற்பரப்பில் நகப்பொருளாலான நுண்முட்கள் எழுகின்றன. கீழே சுரப்பிகள் பெருகுகின்றன. கூடவே முன்கையின் தசையும் திரள்கிறது. இதை நடத்துவது விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன். விரைகளை நீக்கினால் திண்டு சுருங்கி வெறும் தோலாகிறது. வெளியிலிருந்து ஹார்மோனைச் செலுத்தினால் மீண்டும் வளர்கிறது. ஆண்டுதோறும் முளைத்து ஆண்டுதோறும் உதிரும் உறுப்பு இது. பருவம் தவறிப் பிடித்த ஆணின் விரலில் திண்டு தெரியாமல் போனால் அதைப் பெண் என்று எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

இந்தச் சின்னஞ்சிறு திண்டின் பெயரால் ஓர் அறிவியலாளரின் வாழ்வே முடிந்தது. வியன்னாவின் உயிரியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் பால் கம்மரர். ஐரோப்பாவில் மருத்துவச்சித் தேரை என்று ஓர் இனம் உண்டு. அதன் ஆண், பெண் இட்ட முட்டைச் சரத்தைத் தன் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு, பொரியும் நாள்வரை சுமந்து திரிந்து, பிறகு தண்ணீரில் விடும். இவை கூடுவது நிலத்தில். வழுக்காத நிலத்தில் கூடுவதால் ஆணுக்குக் கலவித் திண்டு இல்லை. கம்மரர் இந்தத் தேரைகளை வெப்பமான சூழலில் வளர்த்து நீரில் கூடவைத்ததாகவும், சில தலைமுறைகளில் ஆண்களின் கைகளில் கருந்திண்டு தோன்றி மரபாகத் தொடர்ந்ததாகவும் அறிவித்தார். வாழ்நாளில் ஈட்டிய பண்பு அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதற்கு அதுவே அவருடைய பெரும் சான்று. முதல் உலகப் போரின் குழப்பத்துக்குப் பின் அவரிடம் எஞ்சியது பாதுகாத்து வைத்த ஒரே ஒரு தேரை. 1923-இல் அதை அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துச் சென்று காட்டினார். வில்லியம் பேட்சன் போன்ற மரபியலாளர்கள் நம்ப மறுத்தனர்.

1926-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜி. கே. நோபிள் வியன்னாவுக்கே வந்து அந்தத் தேரையை ஆராய்ந்தார். நுண்முட்கள் இல்லை. கருமைக்குக் காரணம் தோலுக்கடியில் செலுத்தப்பட்டிருந்த இந்திய மை. ஆகஸ்ட் மாதம் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று. செப்டம்பர் 23-ஆம் நாள் ஆஸ்திரியாவின் மலைப்பாதை ஒன்றில் கம்மரர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். மையைத் தான் செலுத்தவில்லை என்று கடைசிவரை மறுத்தார். செலுத்தியது யார் என்பது இன்றும் முடிவாகவில்லை. ஆர்தர் கோஸ்ட்லர் 1971-இல் அவருக்காக வாதாடி ஒரு நூலே எழுதினார்.

கம்மரர் வழக்கை மோசடிக் கதையாக மட்டும் படிப்பவர்கள் அதன் உயிரியல் அடித்தளத்தைத் தவற விடுகிறார்கள். திண்டு நீரில் கூடுவதோடு சேர்ந்தது என்ற அவருடைய தொடக்கப் புள்ளி சரியானது. காட்டிய சான்று பொய்யானது. கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடு மற்ற இனங்களுக்குப் போனால் விடைகள் வரிசையாக வருகின்றன.

தென்னாப்பிரிக்காவின் மழைத் தவளைகள் பந்து போன்ற உடலும் மிகக் குட்டையான கைகளும் கொண்டவை. பெண்ணின் உடலைச் சுற்றி வளைக்க ஆணின் கை எட்டாது. அதனால் தோலில் சுரக்கும் பசையால் ஆண் பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையிலேயே இருவரும் மண்ணுக்குள் இறங்கி முட்டையிடுகின்றனர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலை ஓடைகளில் வாழும் அஸ்காபஸ் தவளை இன்னொரு வழியில் போனது. ஓடையின் வேகத்தில் விந்து அடித்துச் செல்லப்படும். ஆகவே ஆணின் கழிவுப்புழை வால்போல் நீண்டு, பெண்ணின் உடலுக்குள் விந்தைச் செலுத்தும் உறுப்பாகிவிட்டது. வளர்ந்தபின் வால் இல்லாமையே தவளைக் குலத்தின் இலக்கணம் என்று படித்தவர்களுக்கு, ஆணுக்கு மட்டும் 'வால்' உள்ள தவளை வியப்பூட்டும். மேற்கு மலைத்தொடரின் மராட்டியப் பகுதியில் வாழும் பம்பாய் இரவுத் தவளையோ பிடியையே தளர்த்திவிட்டது. ஆண் பெண்ணைத் தழுவுவதில்லை; அதன் முதுகின்மேல் கால் பரப்பி அமர்ந்து, கைகளை இலைமீதோ கிளைமீதோ ஊன்றிக்கொள்கிறது. விந்து பெண்ணின் முதுகு வழியே வழிகிறது. ஆண் விலகிய பிறகே பெண் முட்டையிடுகிறது. எஸ். டி. பிஜு உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு, தவளைத் தழுவல் பற்றிய பாடத்தில் புதிய பக்கத்தைச் சேர்த்தது.

முட்டையிட்ட பின்னும் ஆணுக்கு வேலை இருக்கும் இனங்களில் உடல் வேறு விதமாக மாறுகிறது. மத்திய ஆப்பிரிக்காவின் மயிர்த் தவளையில், இனப்பெருக்கக் காலத்து ஆணின் விலாவிலும் தொடையிலும் மயிர்போன்ற தோல் இழைகள் அடர்ந்து தொங்கும். அவை உண்மையான மயிர் அல்ல. இரத்தக் குழாய்கள் நிறைந்த தோல் நீட்சிகள். ஓடைக்கடியில் முட்டைகளைக் காத்தபடி நீண்ட நேரம் மூழ்கியிருக்கும் ஆணுக்குத் தண்ணீரிலிருந்து கூடுதல் ஆக்ஸிஜன் கிடைக்க அவை உதவுகின்றன என்பது ஏற்கப்பட்ட விளக்கம். சீனாவில் எமெய் மலையின் மீசைத் தேரையில் ஆணின் மேலுதட்டில் 10 முதல் 16 கூரிய முட்கள் முளைக்கின்றன. ஓடைக் கல்லுக்கடியில் முட்டையிடத் தகுந்த இடத்துக்காக ஆண்கள் இந்த முட்களால் ஒன்றையொன்று குத்திப் போரிடுகின்றன. பருவம் முடிந்ததும் முட்கள் உதிர்ந்துவிடும்.

உடல் அளவுக்கு வருவோம். 1979-இல் ரிச்சர்ட் ஷைன் தவளை, தேரை இனங்களின் அளவுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டு இனங்களில் பெண்ணே பெரிது என்று தெரிந்தது. பெரிய வயிற்றில் அதிக முட்டைகள் கொள்ளும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. தவளைகள் பருவமடைந்த பின்னும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருப்பவை. எலும்பைக் குறுக்கே வெட்டி வளர்ச்சி வளையங்களை எண்ணினால் வயது தெரியும். அவ்வாறு எண்ணிப் பார்த்ததில், பல இனங்களில் ஆண்கள் முன்னதாகவே பருவமடைந்து குளத்துக்கு வந்துவிடுவதும், முட்டையிட வரும் பெண்கள் வயதில் மூத்தவையாக இருப்பதும் தெரிந்தது. அளவு வேறுபாட்டின் பெரும்பங்கு, வெறும் வயது வேறுபாடாகவே இருக்கலாம். முட்டைக்காக உடல் பெரிதாயிற்று என்று உடனே முடிவுகட்டுவதைவிட வயதை அளந்து பார்ப்பது நேர்மையான அணுகுமுறை. அப்படி அளக்கப்பட்ட இனங்கள் இன்னும் குறைவு.

நம் மேற்கு மலைத்தொடரின் ஊதாத் தவளையில் இந்த வேறுபாடு கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பெரிது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழையில் சில நாட்கள் மட்டும் மேலே வரும் இந்த உயிரினம் 2003-இல்தான் அறிவியலில் பதிவாயிற்று. உருண்டு திரண்ட பெண்ணின் முதுகில் சிறிய ஆண் தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தாயும் குட்டியும் என்றே தோன்றும். சுமப்பது பெண், ஓடைப் பாறையின் இடுக்கைத் தேடி இறங்குவதும் அதுதான். 2017-இல் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து இதன் உறவினம் ஒன்று விவரிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாகப் பெயரிடப்பட்டது. மலையின் கிழக்குச் சரிவில் வாழும் இது வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது.

எஞ்சிய பத்து விழுக்காட்டில் ஆண்கள் பெண்ணுக்குச் சமமானவை அல்லது பெரியவை. ஆண் பெரிதாக உள்ள இடத்தில் பெரும்பாலும் போர் இருக்கும், அல்லது காவல் இருக்கும். ஆப்பிரிக்காவின் பெரிய புல்ஃபிராக் ஆண் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பெண் அதைவிட மிகச் சிறியது. ஆண்கள் ஒன்றையொன்று கடித்துப் புரட்டும். வென்ற ஆணே பிறகு தலைப்பிரட்டைகளுக்குக் காவல் நிற்கிறது. குட்டை வற்றத் தொடங்கினால் பின்னங்கால்களால் வாய்க்கால் தோண்டி அவற்றைப் பெரிய நீருக்கு வழிநடத்துகிறது.

குரலும் செவியும் தவளையின் உண்மையான போட்டிக்களம். குரல்பையை எல்லாரும் அறிவர்; செவிப்பறையைக் கவனிப்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் புல்ஃபிராக் தவளையில் ஆணின் செவிப்பறை கண்ணைவிடப் பெரிதாக இருக்கும், பெண்ணுக்குக் கண்ணளவே. ஆண் அதிகம் கேட்க வேண்டியிருப்பதால் என்று நினைக்கத் தோன்றும். 1997-இல் அலெஹாந்த்ரோ புர்கே அளந்து காட்டியது வேறு: ஆணின் குரலில் உள்ள உயர் அதிர்வெண் ஒலியின் பெரும்பகுதி செவிப்பறைகள் வழியாகவே வெளியேறுகிறது. கேட்கும் உறுப்பே கத்தும் உறுப்பாகவும் பயன்படுகிறது.

வேறுபாடு வெளியே தெரியாமல் உள்ளே மட்டும் இருக்கவும் கூடும். போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி மரத்தவளை இரண்டு அசைகளில் கத்துகிறது. 'கோ' என்ற முதல் அசை மற்ற ஆண்களை விலகச் சொல்கிறது. 'கீ' என்ற இரண்டாவது பெண்களை அழைக்கிறது. பீட்டர் நாரின்ஸும் ராபர்ட் கப்ரானிக்காவும் 1976-இல் அவற்றின் செவி நரம்புகளைச் சோதித்தபோது, இந்த இரண்டு அசைகளுக்கும் ஆண், பெண் செவிகள் வேறு வேறாக இசைந்திருந்தன. ஒரே குரலில் ஆணும் பெண்ணும் தத்தமக்கு உரிய செய்தியைக் கேட்டுக்கொள்கின்றன. மேலே தோல் வேறுபடவில்லை, நரம்பு வேறுபட்டிருக்கிறது.

கத்துவதற்கு விலையும் உண்டு. தன் வாயாலேயே கெடும் நுணலைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. அதற்கான நேரடிச் சான்றை 1980-களின் தொடக்கத்தில் பனாமாவில் மைக்கேல் ரையானும் மெர்லின் டட்டிலும் தந்தனர். துங்கரா தவளையின் ஆண், எளிய அழைப்போடு கூடுதலாக ஒரு குறுகிய ஒலியைச் சேர்த்தால் பெண் அதையே விரும்பி வருகிறது. தவளை தின்னும் வௌவாலும் அதையே தேடி வருகிறது. கெடுகிற நுணல் பெரும்பாலும் ஆண்தான். குளத்தின் இரைச்சல் முழுக்க ஆண்களுடையது.

பெண்கள் ஊமை என்று இதனால் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு தவறு. ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் வளர்க்கப்பட்ட ஆப்பிரிக்கத் தவளை ஜெனோபஸில், முட்டையிடத் தயாரான பெண் தட்டுவது போன்ற ஒலியெழுப்பி ஆணை அழைக்கிறது. டார்சி கெல்லியின் குழு 1998-இல் இதை விவரித்தது. சீனாவின் உட்குழிந்த செவித் தவளையில் பெண் எழுப்பும் அழைப்பைக் கேட்டு ஆண் மிகத் துல்லியமாக அதன் திசையில் பாய்கிறது. முன்னர் சொன்ன பம்பாய் இரவுத் தவளையிலும் பெண் குரல் பதிவாகியுள்ளது. பெண்களின் குரல் மெல்லியது, அரியது. அதற்காகக் காத்திருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது.

தவளையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஆண்கள் வழியாக வந்தது என்பதை மறக்கக் கூடாது. இரவில் விளக்கோடு காட்டுக்குள் போகிறவர் குரலைத் தொடர்ந்து போகிறார்; கையில் கிடைப்பது ஆண். ஆண்களை மட்டும் வைத்து விவரிக்கப்பட்ட இனங்கள் பல. ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவித் தவளைகளைக் கணக்கெடுக்கும் இன்றைய முறையிலும் எண்ணப்படுவது கத்தும் ஆண்கள்தாம். கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மலைக்காட்டில் பொன்தேரை என்ற இனம் இருந்தது. ஆண் முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பெண் கருமையான உடலில் செம்புள்ளிகள் கொண்டது. இரண்டும் ஒரே இனம் என்று நம்புவதே கடினம். 1987-இல் அங்கே 1,500-க்கும் மேற்பட்ட தேரைகளை மார்த்தா கிரம்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தென்பட்டன. 1989 மே மாதம் கண்டது ஒரே ஒரு ஆணை. அதற்குப் பிறகு அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை. குட்டைகளில் எப்போதும் ஆண்களே மிகுதியாகத் தெரிந்ததால், காட்டுக்குள் பெண்கள் எத்தனை எஞ்சியிருந்தன என்பதை அளக்க வழியே இல்லாமல் போயிற்று.

தமிழகத்தில் இன்று மழைக்கால இரவுகளில் தவளைகளைப் படமெடுத்து இணையத்தில் பதிவிடும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அது மகிழ்ச்சியான செய்தி. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரல்பை உப்பிய ஆணோடு நின்றுவிடாதீர்கள். அதன் அருகில் நீரோரத்தில் பேசாமல் அமர்ந்திருக்கும், சற்றே பெரிய, நிறம் மங்கிய தவளையையும் படமெடுங்கள். தொண்டை நிறம், முன்கையின் பருமன், முதல் விரலின் உட்புறம் ஆகிய மூன்றும் படத்தில் தெரியட்டும். கையில் எடுக்க வேண்டாம். இணைசேர்ந்திருப்பவற்றைப் பிரிக்கவே வேண்டாம். நாள், நேரம், கடைசியாக மழை பெய்த நாள், முட்டை இருந்த இடம் நீரிலா இலையிலா மண்ணிலா என்பதையும் எழுதிவையுங்கள். மேற்கு மலைத்தொடரின் பல இனங்களுக்கு இந்தக் குறிப்புகள் இன்னும் எங்கும் இல்லை.